உட்காராத வீட்டுக்காரர்

லிபோவா ஊரில் நோய் நொடி அண்டாத மனிதர் என்று ஒருவர்தான் இருந்தார். இந்தத் தகவலை ஊருக்குத் தெரியப்படுத்தியவரும் அவரேதான்.

வூகாஷினுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊர்த் தீயணைப்புச் சங்கத்தின் தலைவர், கோயில் கமிட்டியின் செயலாளர், பிளம்ஸ் சாராயம் ருசி பார்க்கும் குழுவுக்கு நிரந்தர நடுவர். மூன்று பதவிக்கும் மூன்று ரப்பர் ஸ்டாம்பு. மூன்றையும் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டுதான் வீட்டு வாசல்படி இறங்குவார். தீயணைப்புச் சங்கத்தின் சொத்து ஒரு பம்பும் இரண்டு வாளியும். கடைசியாக ஊரில் ஒரு வைக்கோல் கொட்டகை பற்றிக்கொண்டபோது பம்பு ரிப்பேரில் இருந்தது. தலைவர் மட்டும் நல்ல நிலையில் இருந்தார். கொட்டகை எரிந்து முடிகிறவரை அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"பல்லு புடுங்குறப்பவே ஊசி வேண்டாம்னுட்டேன். டாக்டருங்க எல்லாம் சோம்பேறிகளுக்காகப் படிச்சவனுங்க" என்பார்.

அவர் மனைவி மிலுங்கா இதை முப்பத்தோரு வருஷமாகக் கேட்டுவருகிறாள். பல் பிடுங்கப் போன அன்று அவர் அரைப் பாட்டில் குடித்துவிட்டுப் போனதும், எந்தப் பல் என்று டாக்டரிடம் சொல்லத் தெரியாமல் நின்றதும் அவளுக்குத் தெரியும். சொன்னதில்லை. குடும்பம் நடத்துகிறவளுக்கு எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் ஒரு வேலை.

அக்டோபர் கடைசி வாரம். ஏழு வீட்டுக்குப் பொதுவான, சாராயம் காய்ச்சும் செப்புக் கொப்பரை, முறை வைத்து அவர்கள் கொட்டகைக்கு வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை. பீப்பாய்களில் ஆறு வாரம் கிடந்த பிளம்ஸ் ஊறல் நுரை அடங்கி, கொப்பரைக்குத் தயாராக இருந்தது. வூகாஷின் அடுப்பை விட்டு நகரவில்லை. மிலுங்கா விறகு போட, அவர் யோசனை சொன்னார். மூன்றாவது பீப்பாயைச் சாய்க்கும்போது அதன் இரும்புப் பட்டை தெறித்து இடது முழங்காலுக்குக் கீழே கீறிவிட்டது. பூனை பிராண்டின அளவு. நாலு சொட்டு ரத்தம் வந்திருக்கும். முதல் வடியை யாரும் குடிக்கமாட்டார்கள், கண்ணுக்குக் கெடுதல். அதை எடுத்துக் காயத்தில் ஊற்றினார். இரண்டாம் வடியை வாயில் ஊற்றினார்.

"உள்ளயும் வெளியயும் மருந்து போட்டாச்சு" என்றார்.

புதன்கிழமை காலையில் இரண்டு கம்பளிக்கு அடியில் கிடந்து நடுங்கினார். கதவிடுக்கில் காற்று வருகிறது என்று கதவைத் திட்டினார். மிலுங்கா கம்பளியை விலக்கிப் பார்த்தாள். கீறலைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. தொட்டால் ரொட்டி சுட்ட தட்டு மாதிரி சுட்டது. தொட்டதற்கு அவர் போட்ட சத்தம்தான் அவளை நிமிர வைத்தது. அந்த அளவு சிவப்புக்கு அந்த அளவு சத்தம் பொருந்தவில்லை.

"இந்தாய்யா, எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம். பக்கத்து ஊருதான."

"எதுக்கு? ஒரு கீறலுக்கா? நாளன்னிக்கு லூக்கா நாளு. நாப்பது பேர் வருவாங்க. தலைவர் பூனை பிராண்டி ஆஸ்பத்திரிக்குப் போனாருன்னு பேசுறதுக்கா?"

புனித லூக்கா அந்தக் குடும்பத்தின் புனிதர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் உண்டு, அப்பனிடமிருந்து மகனுக்கு நிலம் வருகிற மாதிரி வருவார். அவருடைய நாளில் யாரையும் அழைப்பதில்லை; எல்லோரும் வருவார்கள். அவர் பேரில் ஏற்றிய மெழுகுவத்தி எரிகிறவரை வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. வந்தவர்கள் உட்கார்ந்து தின்பார்கள், அவன் நின்று ஊற்றுவான். லூக்கா தாமே ஒரு வைத்தியர் என்று வேதம் சொல்கிறது. அவருடைய நாளுக்காக வைத்தியரைத் தள்ளிப் போடுவது எப்படிப்பட்ட மரியாதை என்று மிலுங்காவுக்குப் புரியவில்லை. கேட்கவும் நேரமில்லை. வருகிறவர்களுக்கு வேகவைக்கக் கோதுமை ஊறிக்கொண்டிருந்தது.

மாவு பிசைய ஒத்தாசைக்கு வந்த பக்கத்து வீட்டுக் கோசாரா எட்டிப் பார்த்தாள். கோசாரா தபாலாபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். தோல் சிவந்து காய்ச்சல் வந்தால் ஊர் அதைச் செங்காற்று என்றது; அதை இறக்கும் வித்தை ஓய்வுக்கு அப்புறம்தான் அவளுக்குக் கைவந்தது. சம்பளம் நின்ற பிறகு மரியாதை எங்கிருந்தாவது வரவேண்டும் இல்லையா.

"செங்காத்து!" என்றாள் வாசலில் இருந்தபடியே. "வேர்த்த உடம்போட அடுப்படியிலேர்ந்து வெளிய வந்தீங்களாண்ணே?"

"வந்தேன்."

"அதான். அடிச்சிருச்சு. டாக்டர்கிட்ட மட்டும் போயிராதீங்க. ஊசி போட்டா காத்து உள்ள ஓடிரும்."

ஓடிப் போய்ச் சிவப்புக் கம்பளித் துணி கொண்டுவந்தாள். காலின் மேல் விரித்தாள். சணல் நாரை மூன்று சின்ன உருண்டையாக்கித் துணியின் மேல் வைத்துக் கொளுத்தினாள். அவை பிசிறிப் பறந்து மேலே போய்ச் சாம்பலாயின. வந்த வழியே போ, மலைக்குப் போ, ஆடு மேயாத பாறைக்குப் போ என்று முணுமுணுத்தாள். அப்புறம் அதே துணியால் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை இறுக்கிச் சுற்றினாள்.

"மூணு விடியல் கழியணும். தண்ணி படக்கூடாது, தொறந்து பாக்கக்கூடாது. பாத்தா போச்சு."

சிவப்பைச் சிவப்பு இழுக்கும் என்பது கணக்கு. சிவப்புத் துணிக்கு அடியில் சிவப்பு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.

வியாழக்கிழமை அவர் தலையணையைக் கடித்தார். மிலுங்கா சமையலறையில் கெண்டை மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். லூக்கா நாள் வெள்ளியில் விழுந்ததால் கறி கிடையாது, மீனும் மொச்சையும்தான். கத்தி செதிலில் ஓடும் சத்தத்தை மீறி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு முனகல் வந்துகொண்டே இருந்தது. கன்று ஈன முடியாத பசு அப்படி முனகும். அவள் கத்தியை நிறுத்தினால் அவரும் நிறுத்தினார். அவள் செதிலை எடுத்தால் அவரும் ஆரம்பித்தார். கேட்கக் கூடாதாம்.

அவள் கைகழுவாமல் உள்ளே போனாள்.

"எங்க வலிக்குது?"

"வலிக்கலடி. இறுக்கமா இருக்கு."

"தலைவாணியில பல்லு பதிஞ்சிருக்கு."

"நீ போய் மீனைப் பாரு."

"போன் பண்ணுறேன். பக்கத்து ஊர் டாக்டரம்மா வியாழக்கிழமைன்னா நம்ம ஊருக்கு வருவா, இன்னிக்கு வியாழன்தான."

"எங்கப்பன் சாகுறதுக்கு மூணு நா முந்தி, லூக்கா நாளுல, நின்னு ஊத்தினான். ஒரு தடவ உக்காரல."

"நின்னதாலதான் மூணு நாளுல போனாரோ என்னமோ."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இமையோரம் ஈரமாக இருந்தது. அதை அவள் பார்த்தது அவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக ஜன்னல் பக்கம் திரும்பினாள். அப்போதே போன் பண்ணியிருக்கலாம் என்று பின்னால் ஆயிரம் தடவை நினைத்தாள். பண்ணவில்லை. அதற்குப் பதிலாகத் தீஹோமிருக்குச் சொல்லியனுப்பினாள்.

தீஹோமிர் கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் அவரை டாக்டர் என்று அழைத்தது. முப்பது வருஷம் மாடுகளுக்கு ஊசி போட்டதில் ஒரு மாடுகூட அதை மறுத்துப் பேசியதில்லை. தோல் பையோடு வந்தார். துணி சுற்றாத தொடையிலும் பாதத்திலும் விரல் வைத்துப் பார்த்தார்.

"தோலு நல்லாத்தான இருக்கு. வெளிய ஒண்ணுமில்லாம உள்ள வலிச்சா அது நரம்பு. பீப்பாயத் தூக்கினாரா?"

"சாச்சாரு. அண்ணே, காய்ச்சல் கொதிக்குது. தொட்டாக் கத்துறாரு. தொடாட்டியும் கத்துறாரு."

"கத்துறாரா? வூகாஷினா?"

"நீங்க வந்ததும் நிறுத்திட்டாரு."

இரண்டு ஆண்களும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். தீஹோமிர் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"குதிரை மாதிரி உடம்பு இவருக்கு" என்றார். அது அவருடைய துறை என்பதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. வலி மாத்திரை ஒரு அட்டை கொடுத்துவிட்டு, புது வடியில் ரெண்டு கிளாஸ் பரிசோதித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை மிலுங்கா கண்விழித்தபோது படுக்கையில் அவர் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார்.

"போயிருச்சுடி!" என்றார். "சுத்தமா வலி இல்ல. மரத்த மாதிரி இருக்கு, அவ்வளவுதான். பாத்தியா, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு குதிச்சியே."

அவள் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. சிலுவைக் குறி போட்டாள். லூக்காவுக்கு நன்றி சொன்னாள். கோசாராவுக்கும் மனசுக்குள் ஒரு நன்றி சொன்னாள், வேண்டா வெறுப்பாக. கால்சட்டை இடது காலில் ஏறவில்லை; தையலைப் பிரித்து ஏற்றிவிட்டாள். அப்போது அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கை, பாதாளக் கிணற்றுத் தண்ணீரில் கிடந்த மாதிரி சில்லென்றிருந்தது. முகம் சாம்பல் நிறம். மூச்சு, வெயிலில் ஓடிவந்த நாய் மாதிரி, சின்னச் சின்னதாக.

"ராத்திரி எந்திரிச்சு ஒண்ணுக்குப் போனியா?"

"இது என்ன கேள்வி, நல்ல நாளும் அதுவுமா?"

"போனியா?"

"நேத்து மத்தியானம் போனேன். தண்ணி குடிச்சாத்தான வரும். மெழுகுவத்தி எங்க?"

கல் இறங்கிய இடத்தில் வேறு ஏதோ ஏறி உட்கார்ந்தது. அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. பாதிரியார் வந்துவிட்டார். அன்றைக்கு மதியத்துக்குள் அவருக்குப் பதினொரு வீடு. பெரிய ரொட்டியைக் குறுக்காக வெட்டி, வைன் ஊற்றி, வீட்டுக்காரரோடு சேர்ந்து அதைச் சுற்றி, முத்தமிட்டு, நாலு நிமிஷத்தில் பாட்டை முடித்துக்கொண்டு ஓடினார். அப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் வாசலில் வேகவைத்த கோதுமையில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, வாழ்த்துச் சொல்லி, மேஜைக்குப் போனார்கள். கோசாரா எல்லோருக்கும் முன்னால் வந்து நடு நாற்காலியைப் பிடித்திருந்தாள்.

"மூணாம் விடியலுக்கு முந்தியே எறங்கிருச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "சில பேருக்கு அப்படித்தான். ரத்தம் சுத்தமா இருக்கணும்."

"நான் குடுத்த மாத்திரை" என்றார் தீஹோமிர்.

"மாத்திரை என்ன மாத்திரை. நீங்க போடுற ஊசிக்கு மாடே பயப்படுறதில்ல."

வூகாஷின் நின்று ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு கையில் பாட்டில், மறு கை நாற்காலி முதுகில். மேஜை நுனியில் அவருடைய தம்பி ராய்கோ உட்கார்ந்திருந்தான். வயிற்றுப் புண்ணால் குடிக்காதவன், அதனால் குடும்பத்தில் கேலிக்கு ஆளானவன். வூகாஷின் அவனுக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார்.

"குடிங்க, மாமா" என்றார்.

ராய்கோ நிமிர்ந்து பார்த்தான். மேஜை சிரித்தது. அவர்களுடைய மாமா செத்துப் பன்னிரண்டு வருஷம்.

"தலைவருக்கு நேரமே ஏறிருச்சு!"

"காலைலேர்ந்து ஒரு சொட்டு குடிக்கல அவரு" என்றாள் மிலுங்கா. யார் காதிலும் விழவில்லை. ராய்கோ காதில் மட்டும் விழுந்தது. அவன் சிரிப்பை நிறுத்தினான்.

மீன் சூப் கொண்டுவரச் சமையலறைக்குப் போனாள். பெரிய பானை, மிளகாய்த்தூள் போட்டுச் சிவந்து, விளிம்பில் இன்னும் கொதித்தது. இரண்டு துணியால் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தபோது யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். பானை ஆடியது. ஒரு பெரிய கரண்டி அளவு சூப் எகிறி, நேராக வூகாஷினின் இடது பாதத்தில் விழுந்தது. வீட்டுச் செருப்பு, மெல்லிய காலுறை. காலுறையிலிருந்து ஆவி வந்தது.

பெண்கள் வாயில் கைவைத்தார்கள். வூகாஷின் ஊற்றிக்கொண்டே இருந்தார். கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. கிளாஸ் நிரம்பி வழிந்தது.

"ஐயோ தலைவரே, கால்!"

"என்ன கால்?"

அப்புறம் மேஜை முழுக்கக் கைதட்டியது.

"இரும்புய்யா!" என்றார் தீஹோமிர். "நான் சொல்லல?"

மிலுங்கா பானையைத் தரையிலேயே வைத்தாள். வலி போகவில்லை. வலிக்கிற கால்தான் போய்விட்டது. யாரும் சொல்லித் தராமல் அது அவளுக்குத் தெரிந்தது. சமையலறைக் கத்திரிக்கோலை எடுத்துவந்து அவர் முன்னால் மண்டியிட்டு, தையல் பிரித்த கால்சட்டையை விலக்கி, சிவப்புத் துணிக்குள் கத்திரியை நுழைத்தாள்.

"தொறக்காதடி!" கோசாரா எழுந்துவிட்டாள். "இன்னும் ஒரு விடியல் பாக்கி!"

"அந்த ஒண்ணு இவருக்கு விடியணுமே."

துணி இரண்டாகப் பிரிந்தது. சிவப்பைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் திறந்தாள். சிவப்பே இல்லை. முன்கால் முழுவதும் நீலமும் சாம்பலுமாக, மேலே ஒரு மங்கல் படிந்து, நன்றாகப் பழுத்த பிளம்ஸ் நிறத்தில் இருந்தது. ஆறு வாரமாக அந்த நிறத்தைத்தான் பீப்பாயில் கிளறினாள். அங்கங்கே கொப்புளம், உள்ளே நீர் தெளிவாக இல்லை, கருஞ்சிவப்பாக இருந்தது. முழங்காலுக்கு மேலேதான் சிவப்பு ஆரம்பித்து, துணி எட்டாத இடத்தில் தொடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

கட்டைவிரலால் அழுத்தினாள். "வலிக்குதா?"

"இல்லவே இல்ல" என்றார், சபைக்குக் கேட்கும்படி.

நகத்தால் கிள்ளினாள். "இது?"

"எது?"

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

மிலுங்கா எழுந்து மேஜைக்குப் போனாள். மெழுகுவத்தியை வீட்டுக்காரன் மட்டும்தான் அணைக்க வேண்டும், அதுவும் சாயங்காலம், வைன் துளியால். அவள் இரண்டு விரலால் திரியைப் பிடித்து நசுக்கினாள். சுட்டது. சுட்டதே பெரிய ஆறுதலாக இருந்தது.

"லூக்கா நாள் முடிஞ்சுது. எந்திரிங்க எல்லாரும். ராய்கோ, வண்டிய எடு."

"மதினி, வேன் வாசல்லதான் நிக்குது."

"என்ன பண்ணுற நீ?" வூகாஷின் பாட்டிலோடு திரும்பினார். "சூப்பு இன்னும் போடல. சனங்க..."

"உக்காருய்யா."

"வீட்டுக்காரன் உக்கார..."

வாக்கியம் முடியவில்லை. கால் முடிந்துவிட்டது. ராய்கோ அக்குளில் கைகொடுத்துப் பிடித்தும், இருபத்திரண்டு லூக்கா நாளில் முதல் தடவையாக வூகாஷின் உட்கார்ந்தார், தரையில், சூப்புக்குள்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் யாஸ்னாவுக்கு முப்பது வயதிருக்கும். வந்து நாலு மாதம்தான். லிபோவாக்காரர்கள் அவளிடம் குழந்தைகளின் சளிக்கு மட்டும் போவார்கள், அதற்கும் திரும்பி வந்து கோசாராவிடம் சரிபார்த்துக்கொள்வார்கள். அவள் ரத்த அழுத்தம் பார்த்தாள். கருவியைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். வேறு கருவி எடுத்துவரச் சொல்லி மூன்றாம் தடவை பார்த்தாள்.

"எழுவது" என்றாள் நர்ஸிடம். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். நர்ஸ் ஓடியதுதான் மிலுங்காவுக்குக் கேட்டது.

"நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்றார் வூகாஷின். நாக்கு குழறியது.

"அசையாதீங்க, ஐயா. வலி எப்ப நின்னுச்சு?"

"இன்னிக்குக் காலையிலம்மா" என்றாள் மிலுங்கா. "நல்லதுன்னு நெனச்சோம்."

டாக்டர் இரண்டு கையிலும் ஊசி ஏற்றினாள்.

"நல்லதில்லயா?"

"வலிக்குதுன்னு சொல்ல உள்ள நரம்பு உசிரோட இருக்கணும்லம்மா. அதுவே செத்துப்போச்சுன்னா யாரு சொல்லுவா?"

"செங்காத்துன்னாங்க."

"மேலோட்டமா நின்னிருந்தா உங்க செங்காத்துதான். பிள்ளைங்களுக்குத் தொண்டை கட்டுதே, அதே கிருமி. தொண்டையில இருந்துட்டுப் போயிரும். சில பேருக்கு இப்படி, தோலுக்கும் சதைக்கும் நடுவுல பூந்துக்கிட்டு ஓடும். அதோட விஷம் ரத்தத்துல எறங்கிருச்சு. மருந்து மட்டும் பத்தாது. கிழிச்சு, செத்ததையெல்லாம் எடுத்தாகணும். இங்க முடியாது. இப்பவே டவுனுக்குப் போகணும்."

பையிலிருந்து நீல பால்பாயிண்ட் பேனா எடுத்தாள். தொடையில் சிவப்பு முடிகிற இடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் நேரம் எழுதினாள்: 1.40.

ஆம்புலன்ஸில் டவுனுக்கு ஐம்பது நிமிஷம். ராய்கோ பின்னால் வேனில் வந்தான். மிலுங்காவுக்கு ஒரு மடக்கு நாற்காலி கொடுத்திருந்தார்கள். மடியில் அவருடைய கோட்டு. ஜன்னலுக்கு வெளியே சோளத்தட்டை வெட்டின வயல்களும், ஒவ்வொரு கொட்டகையிலிருந்தும் சாராய அடுப்புப் புகையும் ஓடின. அவள் எதையும் பார்க்கவில்லை. அவர் தொடையில் இருந்த நீலக் கோட்டைத்தான் பார்த்தாள்.

கோட்டுக்கு மேல்பக்கம் வெள்ளைத் தோல். நில்லு, என்றாள் மனசுக்குள். மலைக்குப் போகவேண்டாம், பாறைக்குப் போகவேண்டாம், இருக்கிற இடத்தில் நில்லு. சாலைத் திருப்பத்தில் வண்டி சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடி பார்த்தபோது நீலக் கோடு சிவப்புக்கு நடுவில் இருந்தது. வெளிச்சம் மாறியதால் அப்படித் தெரிகிறது என்று முதலில் நினைத்தாள்.

"தம்பி" என்று, கூட வந்த ஆண் நர்ஸைத் தொட்டாள். "கோட்டைத் தாண்டிருச்சு."

அவன் குனிந்து பார்த்தான். ஒரு விரல் மேலே இன்னொரு கோடு போட்டு எழுதினான்: 2.05. சொட்டு மருந்தை வேகமாக்கினான். டிரைவர் பக்கம் தட்டினான்.

வூகாஷின் கண்ணைத் திறந்தார். "மெழுகுவத்தி எரியுதா?"

"எரியுது" என்றாள் மிலுங்கா. விரல் நுனியில் கொப்புளம் எழும்பியிருந்தது.

"சனங்க சாப்பிட்டாங்களா?"

"சாப்பிடுறாங்க. பேசாம இரு."

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது மூன்று கோடு ஆகியிருந்தது.

அறுவை சிகிச்சை டாக்டர், நரைத்த மீசைக்காரர், நடந்துகொண்டே பேசினார். காகிதத்தை நீட்டினார். தேவைப்பட்டால் காலை எடுக்கச் சம்மதம் என்று அதில் இருந்தது.

"எடுத்தாப் பொழச்சுருவாரா?"

"கால் வேணுமா ஆள் வேணுமான்னு உங்களைக் கேக்கலம்மா. ஆளுக்கே என்னால வாக்குக் குடுக்க முடியாது. காலைலயே வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன். நேத்து வந்திருந்தா இன்னும் வேற மாதிரி."

நேற்று அவள் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். ஊரில் அவர்கள் வீட்டுக் காகிதம் எதிலும் அவள் கையெழுத்து இருந்ததில்லை. எல்லாவற்றிலும் அவருடைய ஸ்டாம்புதான். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தபோது மடியில் இருந்த கோட்டின் உள்பை தொடையில் குத்தியது. மூன்று ரப்பர் ஸ்டாம்பு. தீயணைப்புச் சங்கம், கோயில் கமிட்டி, சாராயக் குழு. எதிலாவது குத்தி எதையாவது நிறுத்த முடியுமா என்று பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள். ராய்கோ காபி வாங்கிவந்தான். இரண்டு பேரும் குடிக்கவில்லை.

"நான் அப்பவே எந்திரிச்சிருக்கணும், மதினி. மாமான்னு கூப்பிட்டப்பவே."

"நான் புதன்கிழமையே எந்திரிச்சிருக்கணும்" என்றாள் மிலுங்கா.

கணுக்காலிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை கிழித்தார்கள். மறுநாள் மறுபடி திறந்தார்கள், அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தடவையும் மீசைக்கார டாக்டர் வெளியே வரும்போது மிலுங்கா அவர் வாயைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள், அது எந்த இடத்தைக் காட்டுகிறது என்று. மூன்றாம் நாள், முதல் தடவையாக, கை முந்தின நாள் காட்டிய இடத்தைவிட மேலே போகவில்லை. கெண்டைக்கால் சதையில் பாதி போயிற்று, இரண்டு விரல் போயிற்று. கால் இருந்தது. அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் மூச்சு விட ஒரு மெஷின், ரத்தம் சுத்தம் பண்ண ஒரு மெஷின் என்று அதற்கப்புறமும் எட்டு நாள் கிடந்தார்.

இதற்குள் லிபோவாவில் கதை முடிவாகியிருந்தது. செங்காற்றை இறக்கிவிட்டதால்தான் ஆள் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார், துணியை அவசரப்பட்டுத் திறக்காமல் இருந்திருந்தால் காலும் முழுசாக இருந்திருக்கும் என்றாள் கோசாரா. உள்ளேதான் கோளாறு என்று தொட்டுப் பார்த்துச் சொன்ன முதல் ஆள் தான்தான் என்றார் தீஹோமிர். அதில் பொய் இல்லை.

பதினொன்றாம் நாள் மெஷின்களை எடுத்தார்கள். வூகாஷின் கண் திறந்து கூரையைப் பார்த்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மிலுங்கா தினமும் காலையில் போர்வைக்குள் கைவிட்டு, மிச்சமிருந்த பெருவிரலை அழுத்துவாள்.

"வலிக்குதா?"

அவர் தலையை இல்லை என்று ஆட்டுவார். வீம்பா, உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை. முப்பத்தோரு வருஷம் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. டாக்டர் தினமும் கேட்பார். அவள் இல்லை என்று சொல்வாள். அவர் குறிப்பில் எழுதிக்கொண்டு போவார். அந்தப் பேனாச் சத்தம் அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

பதினாறாம் நாள் லிபோவாவிலிருந்து பார்க்க வந்தார்கள். கோசாரா, தீஹோமிர், ராய்கோ. கட்டு மாற்றுகிற நேரம் என்று நர்ஸ் அவர்களைத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டாள். உள்ளே மிலுங்கா தலைமாட்டில் நின்றாள். கடைசிச் சல்லாத்துணி சதையோடு ஒட்டியிருந்தது. நர்ஸ் உப்புத்தண்ணீர் விட்டு நனைத்து, மெதுவாக இழுத்தாள்.

வூகாஷினின் முகம் முதலில் சுருங்கியது. கை கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்தது. தொண்டையிலிருந்து ஏதோ ஏறி வந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளப் பார்த்தார். தள்ள முடியவில்லை.

"ஐயோ! விடு! வலிக்குதுடி!"

மிலுங்கா கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க?"

"எங்கயா? கால்ல! கால் முழுக்க! உயிர் போகுது!"

"பெருவிரல்லயா?"

"பெருவிரல்லயும்தான்!" அவர் மூச்சிரைத்தார். சட்டென்று கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வெளிய யாரு பேசுறது? கோசாரா சத்தமா? கேட்டுரப் போறாங்கடி."

மிலுங்கா எழுந்துபோய் அறைக் கதவை அகலத் திறந்து வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் முழுக்க ஈரமாக இருந்தது.

"இன்னொரு தரம் சொல்லுய்யா" என்றாள். "சத்தமா."